நாவலடிக் காணியின் மூன்றாவது பங்கு

முப்பத்தொரு வருடம் காணி அளந்தவன் நான். நீதிமன்ற ஆணையின் பேரில் அளந்த பங்குபிரிப்பு வழக்குகள் மட்டும் இருநூற்றுப் பதினேழு. அவற்றில் இருநூற்றுப் பதினாறைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. போனேன், அளந்தேன், படம் வரைந்து கையொப்பம் வைத்தேன். மிச்சமுள்ள ஒன்றில் பிழை விட்டேன். என் தொழிலில் நான் வென்றது என்று சொல்லக்கூடியதும் அந்த ஒன்றில்தான். இரண்டும் ஒரே வழக்கில் எப்படி நடந்தன என்பதைப் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுடைய கருவிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது நூறு கண்ணிச் சங்கிலி. வெயிலில் அது நீளும். வீட்டு முற்றத்தில் இரண்டு முளை அடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் அவற்றுக்கு நடுவே சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். சில நாளில் இரண்டு தடவை பார்ப்பேன். சங்கிலி பிழைத்தால் முளை காட்டிவிடும். கோணம் பிழைத்தால் கணக்கு தொடங்கிய புள்ளியில் வந்து மூடாது. கேட்காமல் விட்ட கேள்வியை எந்தக் கருவியும் காட்டாது. எனக்கு அதை ஒரு பெண் வீடு தேடி வந்து காட்ட வேண்டியிருந்தது.

எண்பத்து நான்காம் ஆண்டு, வைகாசி மாதம். புளியங்கூடலில் நாவலடி என்று ஒரு காணி. இருபத்தேழு பரப்பு, ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். ஒரு கல்வீடு, மிளகாய்த் தோட்டம், கிழக்குப் பக்கம் பனங்கூடல், நடுவில் ஏற்றம் மிதித்து இறைக்கும் ஒரு துலாக் கிணறு. யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் கிணறு வெட்டினால் பாதிக்குப் பாதி உவர் தண்ணீர்தான் வரும். நாவலடிக் கிணறு நல்ல தண்ணீர். அது இல்லையென்றால் அந்த இருபத்தேழு பரப்பிலும் ஆடு மேய்க்கலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

காணிக்காரர் முருகேசுவும் மனைவியும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் வல்லிபுரம். அந்த வீட்டிலேயே இருந்து தோட்டம் செய்பவர். இளையவர் நாகேசு. இருபது வருடம் கொழும்பில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. மனைவி, மூன்று பெண்பிள்ளைகள், ஒரு பை. இவ்வளவோடு கப்பலில் வந்து இறங்கினார். அவருக்கு உடனே நிலம் தேவைப்பட்டது. இருவருக்கும் நடுவில் பிறந்தவர் தையல்நாயகி. அவருடைய பெயர் வழக்கில் இல்லை. நாகேசு வழக்காளி, வல்லிபுரம் எதிராளி, ஆளுக்குப் பதின்மூன்றரைப் பரப்பு என்று அண்ணனும் தம்பியும் பேசி, ஒற்றுமையாகப் போட்ட வழக்கு அது.

இரு கட்சிக்காரரும் ஒற்றுமையாக இருக்கும் வழக்கு அளவையாளருக்குச் சுகம். சுகமான வேலை வரும்போது கூடுதலாகப் பயப்படுங்கள்.

முதல் நாள் வல்லிபுரம்தான் எனக்கு எல்லை காட்டினார். நல்ல மனிதர், உபசாரம் தெரிந்தவர். இளநீர் தந்தார். நான் என் வழக்கப்படி எல்லாவற்றையும் எண்ணினேன். பனை நூற்றொன்பது. அதில் ஆண் நாற்பத்தெட்டு, பெண் அறுபத்தொன்று. தென்னை மூன்று. வீட்டுக்கு யன்னல் ஏழு. மேற்குப் பக்கத்தில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் மண்வெட்டியோடு மிளகாய்ப் பாத்திகளுக்கு வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி மாறிக்கொண்டு நின்றார். துலாவில் ஓர் ஆண் ஏறி நின்று மிதித்தார்.

"அது ஆர்?" என்று கேட்டேன்.

"என்ர தங்கச்சி ஐயா. மிதிக்கிறது அவளின்ர மனுசன். சீதனம் வாங்கிக் கட்டிப் போனவள். பாவம் எண்டு ஒரு மூலையிலை நட விட்டிருக்கு."

பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். எனக்கு மூன்றே காலுக்கு பஸ். அறிக்கையில் பனைகளை எழுதினேன், தென்னைகளை எழுதினேன், யன்னல்களையும் எழுதினேன். "வேறு உரிமை கோரியோர்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன்.

ஆணையோடு போகும் அளவையாளர் காணியில் பயிர் செய்து நிற்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உமக்கு இதில் உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் பெயரை எழுதி, வழக்குக்கு வரும்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. அண்ணன்காரர் பதில் சொல்லிவிட்டார், அதோடு விட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில் என் வீட்டுப் படலையில் அந்தப் பெண் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் சேலை கட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"ஐயா, நாவலடியிலை அளந்தது நீங்கள்தானே?"

"ஓம். நீர் ஆர்?"

"மண்வெட்டியோடை நிண்டனான்."

உள்ளே கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"அண்ணை எங்கட விதானையாருக்குச் சொல்லிக்கொண்டு நிண்டவர். சர்வேயர் ஐயா வலு கவனமான ஆளாம். பனை நூற்றி ஒன்பதையும் எண்ணிப்போட்டாராம். ஆண்பனை வேறை, பெண்பனை வேறையாம்."

"ஓம், எண்ணினனான்."

"என்னை எண்ணேல்லையே ஐயா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிழை விட்டவனுக்கு முதலில் வருவது அதுதான். "உமக்கு உரிமை இருந்தால் நீர் வந்து சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நான் தண்ணி மாறிக்கொண்டு நிண்டனான். விட்டிட்டு வந்தால் வரம்பு உடைஞ்சு போம். அண்டைக்கு என்ர முறை. என்ர முறைத் தண்ணியை விட்டிட்டு வந்து, இது என்ர முறை எண்டு உங்களுக்குச் சொல்லவோ?"

கதிரையை அவர் பக்கம் இழுத்து வைத்தேன். பிறகுதான் முழுவதையும் கேட்டேன். கலியாணத்தின்போது அவருக்குக் கடற்கரைப் பக்கம் ஆறு பரப்புச் சீதனமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் அதில் உவர் ஏறி ஒன்றும் முளைக்கவில்லை. தகப்பன் தன் கடைசிக் காலத்தில் மகளைக் கூப்பிட்டு, நாவலடியில் மேற்குப் பக்கத்தைச் செய், கிணற்றில் உனக்கும் முறை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். தகப்பன் போன பிறகும் பத்தொன்பது வருடமாக அப்படியே செய்து வந்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில்தான் சீவியம். பாதி பாதி என்று தீர்ப்பு வந்தால், அடுத்த போகத்துக்கு அவருக்கு ஒரு வாளித் தண்ணீருக்கும் வழியில்லை.

நான் கட்சிக்காரருக்குப் புத்தி சொல்லக்கூடாது. ஆனால் என் பிழைக்கு நான் வழி சொல்லலாம். உடனே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, வழக்கில் உங்களையும் சேர்க்கும்படி கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டார். சேர்த்தார்கள். அதோடு சகோதரர்களின் வழக்கறிஞர் சீதன உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அது சிறிய தடை இல்லை. எங்கள் ஆட்களுக்குத் தேசவழமைச் சட்டம். சீதனம் பெற்றுப் போன பெண், பெற்றோரின் முதுசச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. சீதனக் காணி உவரானது அவருடைய விதி. ஒரேயொரு கதவு உண்டு. சகோதரர்களே அவரைத் திரும்பவும் பங்காளியாக ஏற்று, முதுசத்தை நெடுங்காலம் கூட்டாக ஆண்டு வந்திருந்தால் இழந்த உரிமை மீளும். ஆனால் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்து இல்லை. அயலவர் ஒருவரும் வல்லிபுரத்தைப் பகைத்துச் சாட்சி சொல்லத் தயாரில்லை. பங்காளியாகச் செய்தாரா, பாவம் பார்த்து விட்டதில் செய்தாரா? வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் நின்றது.

கிணற்றையும் பயிரையும் பார்த்து இன்னொரு அறிக்கை வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார். வேறு அளவையாளரைக் கேட்கும் உரிமை தையல்நாயகிக்கு இருந்தது. அவருடைய வழக்கறிஞர் கேட்டபோது, "அந்த ஐயாவே வரட்டும். தான் கேட்கேல்லை எண்டு அவருக்குத் தெரியும்," என்று சொன்னாராம்.

இரண்டாம் தடவை போகும் நாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. இருபத்திரண்டு நாளும் வல்லிபுரத்திடம் என்ன கேட்பது என்று யோசித்தேன்.

அன்றைக்கு மண்டைதீவில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். பெட்டியைத் திறந்து, கருவிக்கு எதற்கு மூன்று கால் என்று கேட்டார்கள். ஒன்பது மணிக்கு நிற்க வேண்டிய இடத்தில் பத்து நாற்பதுக்குப் போய் நின்றேன். அண்ணன், தம்பி, தையல்நாயகி, கிராம சேவகரான விதானையார், என்னுடைய சங்கிலிக்காரர் எல்லோரும் அங்கே நின்றார்கள். மேற்குப் பக்கத்து மிளகாய் காய்த்து நின்றது. ஒன்பது பரப்புக்கு அரைப் பரப்புக் குறைவு. ஒரு மூலை என்று நான் நம்பியது அவ்வளவு.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். வல்லிபுரத்தைத் தனியே கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். தோட்டக்காரன் உறுதியைப் பற்றிப் பொய் சொல்வான், இறைப்பு முறையைப் பற்றிச் சொல்லமாட்டான் என்பது என் எண்ணம்.

"உங்களுக்கு எத்தனை நாள் முறை?"

"ரெண்டு நாள் ஐயா. தம்பியின்ர பேரிலை ரெண்டு. அவன் கொழும்பிலை நிண்டபடியால் அதையும் நான்தான் இறைக்கிறனான்."

"எத்தனை நாளுக்கு ஒருக்கால் முறை திரும்பி வரும்?"

"ஆறு நாளுக்கு ஒருக்கால்."

"ரெண்டும் ரெண்டும் நாலு. மிச்சம் ரெண்டு நாள்?"

அவர் கிணற்றைப் பார்த்தார்.

"ஊற விடுவம் ஐயா. அந்த ரெண்டு நாளிலை அவளும் கொஞ்சம் அள்ளுவாள். வேண்டாம் எண்டு சொல்லேலுமே?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நல்ல பதில் அது. தீவுக் கிணற்றை ஊற விடாமல் இறைத்தால் உவர் ஏறும், எந்த நீதிபதியும் நம்புவார். மேற்குப் பக்கம் இரக்கம், இரண்டு நாள் தண்ணீரும் இரக்கம். இருபத்திரண்டு நாள் யோசித்த கேள்வி இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

அப்படியே கிணற்றுக்கட்டில் கையை ஊன்றி உள்ளே பார்த்தேன். அடி தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைக் கல். சேறு இல்லை, பாசி இல்லை. மற்றவர்களும் கிட்ட வந்துவிட்டார்கள். என்னிடம் வேறு கேள்வி இல்லாதபடியால் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கிணறு நல்ல துப்புரவாயிருக்கு. எப்ப இறைக்கிறனீங்கள்?"

வல்லிபுரத்தின் முகம் மலர்ந்தது. "வருசா வருசம் ஆவணியிலை ஐயா. ஒரு வருசமும் விடுறேல்லை. ஒரு நாள் முழுக்க நிண்டு வத்த இறைச்சு, சேறு அள்ளுறது. அப்பு வைச்ச ஒழுங்கு. பங்குக்கு நாற்பது ஓலைக் கடகம்."

"கஷ்டமான வேலை."

"எல்லாரும் ஒழுங்காச் செய்தால் கஷ்டமில்லை." அவர் தங்கையின் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் காட்டினார். "முந்தின வருசம் இவளும் வரேல்லை, மனுசனும் வரேல்லை. இவையின்ர பங்கு நாற்பது கடகமும் என்ர முதுகிலைதான் ஏறினது. முதுகுப் பிடிப்பு இன்னும் இருக்கு. இண்டைக்கு வரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை."

சங்கிலிக்காரர் கையில் இருந்த சங்கிலியை மெதுவாக நிலத்தில் வைத்தார். விதானையார் இருமினார். நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவர் விளங்கிக்கொள்வார். எழுதிக்கொண்டே போனேன்.

அதுவரை வாய் திறக்காத தையல்நாயகி பேசினார். "மனுசன் ஆசுப்பத்திரியிலை கிடந்தவர். நான் பக்கத்திலை நிண்டனான். பத்தொன்பது வருசத்திலை ஒரு வருசம் அண்ணை. அதை முதுகிலை வைச்சுக்கொண்டு திரியுறீங்கள். அப்ப தம்பியின்ர நாற்பதை ஆர் அள்ளினது?"

"ஆர், நான்தான்."

"ரெண்டு வருசம் நீங்கள். மிச்சம் பதினேழும்?"

நாகேசு ஓர் அடி முன்னுக்கு வந்தார். "என்ர நாற்பதோ? எனக்கும் சேறு இருந்ததோ அக்கா?"

"கிணத்திலை பங்கிருந்தால் சேத்திலை இராதோ? நீ கடையிலை நிண்டனி, உனக்கு எழுதி என்ன. என்ர நாற்பது முடிய உன்ர நாற்பதையும் அள்ளிப்போட்டுத்தான் சோறு திண்டனான்."

"அண்ணை எல்லாம் தான் பாக்கிறன் எண்டெல்லோ எனக்கு எழுதினவர்," என்றார் நாகேசு. கடிதத்தின் பேரில் இருபது வருடம் அண்ணனுக்கு நன்றியோடு இருந்த மனிதர். பாதி பாதி என்று அவர் ஒத்துக்கொண்டதே அந்த நன்றியில்தான்.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் பாதி இதுதான். யார் அனுபவித்தார் என்று கேட்டால், உரிமை என்று ஒருவர் சொல்வார், இரக்கம் என்று மற்றவர் சொல்வார். யார் சுமந்தார் என்று கேளுங்கள். இரக்கத்தில் தண்ணீர் பெறுபவளிடம் ஒருவரும் பங்குச் சேறு கேட்கமாட்டார்கள். மனக்குறை சொல்லும்போது மனிதனுக்குத் தன் வழக்கு மறந்துபோகும். அந்தக் கேள்வி எனக்குத் தற்செயலாக வந்தது. உங்களுக்கு அப்படி வரத் தேவையில்லை.

எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். "இவையின்ர பங்கு" என்ற இடம் வந்தபோது வல்லிபுரத்தின் முகம் கறுத்தது. என் கையைப் பிடித்து வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, அது கோபத்திலை வந்த கதை. அதையும் எழுதுறதோ?"

"சொன்னது சொன்னபடி எழுதவேணும்."

"அப்ப முதல் எழுதினது? உரிமை கேட்டவை ஒருத்தரும் இல்லை எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள். ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுக் கேட்டால் உங்கட பேருக்குத்தான் கூடாது. யோசியுங்கோ."

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். அந்த நாளோடு நான் ஆணை பெற்று அளந்தவை தொண்ணூற்றாறு, ஒன்றைக்கூட எந்த நீதிமன்றமும் பிழை என்று திருப்பவில்லை. எனக்கு மூத்த அளவையாளர் ஒருவரிடம் போனேன். மிகவும் மதிப்பான மனிதர், பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பிழை எண்டு ஏன் எழுதுறீர்? 'மேலதிக விபரங்கள் கிடைத்தன' எண்டு எழுதும். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது. அந்த மனுசிக்கும் வேண்டியது கிடைக்கும், உமக்கும் கறை இல்லை."

நல்ல வசனம். வீட்டுக்கு வந்து அதை அப்படியே எழுதினேன். எழுதி முடித்து இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் அதில் உள்ள ஓட்டை தெரிந்தது. மேலதிக விபரம் கிடைத்தது என்றால், எப்போது கிடைத்தது? இரண்டாம் தடவை போனபோது. அப்படியானால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? வழக்கு வந்த பிறகு அந்தப் பெண் காணிக்குள் இறங்கிப் பயிர் வைத்துவிட்டார், கதையும் கட்டிவிட்டார் என்று சொல்லும். முதல் நாளே, பிணக்கு ஒன்றும் தலைகாட்டாத அந்த நாளிலேயே, அவர் தன் முறைத் தண்ணீரைத் தன் பாத்திக்கு மாறிக்கொண்டு நின்றார். அதைக் கண்ட வெளியாள் நான் ஒருவன். நான் அவரை விட்டுவிட்டேன் என்பதுதான் அவர் அங்கே நின்றார் என்பதற்குச் சாட்சி. என் பெயரைக் காப்பாற்றும் வசனம் அந்தச் சாட்சியைத் தின்றுவிடும்.

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். முதல் வரி இது: "என் முதலாவது அறிக்கையில், வேறு உரிமை கோரியோர் இல்லை என நான் எழுதியது பிழை. அன்று காணியின் மேற்குப் பகுதியில் இக்கிணற்று நீரால் பயிர் செய்துகொண்டு நின்ற பெண்ணை நான் கண்டேன், விசாரிக்கவில்லை."

உங்களுக்கும் இப்படி ஒரு வரி எழுத வேண்டி வரும். வந்தால் அதை முதல் வரியாக எழுதுங்கள். நாலாம் பக்கத்தில் ஒளித்து வைத்தால், அதைக் கண்டுபிடிப்பவர் உங்களுக்கு எதிராகத்தான் வாசிப்பார்.

விசாரணை நாளில் சகோதரர்களின் வழக்கறிஞர் இரண்டு அறிக்கைகளையும், வல்லிபுரம் சொன்னபடியே, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அளவையாளரே, முதலாவது அறிக்கை பொய்யா?"

"பொய் இல்லை. குறை."

"பனை நூற்றொன்பது. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்றுகூட எழுதியிருக்கிறீர். பனையை எண்ணத் தெரிந்த உமக்கு மனிதரை எண்ணத் தெரியவில்லையா?"

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"தெரியவில்லை," என்றேன். "அந்த அம்மாவும் இதைத்தான் என்னிடம் கேட்டார். ஆனால் ஒன்று. அவர் அன்றைக்கு அங்கே நின்றபடியால்தான் நான் விட்டது பிழையாகிறது. அவர் அங்கே நிற்கவில்லை என்றால் என் முதலாவது அறிக்கை சரி. அது பிழை என்று தாங்களே இப்போது எடுத்துக் காட்டுகிறீர்கள்."

வழக்கறிஞர் இரண்டு அறிக்கைகளையும் மறுபடி கையில் எடுத்தார். நீதிபதி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். அவர் எழுதிய நேரம் முழுவதும் வழக்கறிஞர் நின்றபடியே நின்றார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்று சொல்லி இருந்தார். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ தரம் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கியிருக்கிறேன். கால் நடுங்காமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

அப்போது நாகேசு எழுந்தார். வழக்கறிஞர் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தவில்லை.

"ஐயா, வழக்குப் போட்டது நான். எனக்குப் பதின்மூன்றரை வேண்டாம். ஒன்பது காணும். பதினேழு வருசம் என்ர சேத்தையும் அள்ளினவ அக்கா. அவவுக்கு ஒரு சொட்டும் இல்லாமல் நான் அந்தத் தண்ணியைக் குடிக்கேலாது."

வல்லிபுரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு பற்றி அவர் சொன்னதை நீதிபதி வாசித்து, சொன்னீரா என்று கேட்டார். ஓம் என்றார். அதையும் சொல்ல வேண்டும், அவர் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் விதானையாரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டி வந்திருக்கும். மறுக்கவில்லை.

தீர்ப்பு: மூவருக்கும் மூன்றில் ஒன்று. கிணறும் வாய்க்காலும் பிரிக்கப்படாமல் பொது. ஆறு நாளில் ஆளுக்கு இரண்டு நாள் இறைப்பு. ஆவணியில் ஆளுக்கு நாற்பது கடகம் என்பதையும் சேர்க்கும்படி தையல்நாயகி கேட்டார். நீதிபதி சிரித்துவிட்டு அதையும் சேர்த்தார். அறிக்கையைப் பற்றி அவர் ஒரு வசனம் எழுதினார், அது என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் இருக்கிறது.

அடுத்த தை மாதம் இறுதி அளவைக்குப் போனேன். பன்னிரண்டு கல் நட்டோம். வீடிருக்கும் துண்டு வல்லிபுரத்துக்கு, கிழக்குத் துண்டு நாகேசுக்கு, மேற்கு தையல்நாயகிக்கு. வேலை முடிந்து, கிணற்றுக்கட்டில் படத்தை விரித்து, துண்டு துண்டாக வாசித்தேன். இரண்டு துண்டு வாசித்து முடிந்தது. மூன்றாவதுக்கு வந்தபோது தையல்நாயகி கையைக் காட்டி மறித்தார்.

"நீங்கள் வாசிக்கவேண்டாம் ஐயா. அண்ணை வாசிக்கட்டும்."

தீர்ப்புக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. வல்லிபுரம் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி கொண்டு வரேல்லை."

"என்ர சீதன உறுதியை விதானையாருக்குக் கண்ணாடி இல்லாமல்தானே வாசிச்சுக் காட்டினீங்கள்."

நாகேசு வாயைப் பொத்திக்கொண்டார். விதானையார் வானத்தைப் பார்த்தார். வல்லிபுரம் பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு வந்து குனிந்து, படத்தில் விரலை வைத்தார்.

"மூன்றாம் துண்டு. ஒன்பது பரப்பு. கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் மூன்றில் ஒரு பங்கு." நிறுத்தினார். "தையல்நாயகி."

"முன்னாலை ஒரு பேர் கிடக்கு. முழுக்க வாசியுங்கோ அண்ணை."

அவர் விரலை ஓர் அங்குலம் பின்னுக்கு எடுத்தார். குரல் இறங்கிப் போயிருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"முருகேசு மகள் தையல்நாயகி."

தையல்நாயகி சேலையை இழுத்துச் செருகினார், மண்வெட்டியை எடுத்தார்.

"தம்பி, துலாவிலை ஏறு. இண்டைக்கு என்ர முறை."